ஆணியில் தொங்கிய சட்டை

2015ஆம் ஆண்டு பிப்ரவரி 9, திங்கட்கிழமை, பிற்பகல் 3.40 முதல் 4.25 வரை. எங்கள் குதிரைப் பயிற்சிக் கொட்டகைக்குள் மூவர் இருந்தோம்: பயிற்சியாளர், மிளகு என்னும் மூன்று வயதுக் குதிரை, நான். அந்த நாற்பத்தைந்து நிமிடங்களில் நடந்ததில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை. நடந்தது இரவில் அல்ல, பகலில். விளக்குத் தேவைப்படாத வெளிச்சத்தில். என் கையில் குறிப்பேடு இருந்தது. மணிக்கட்டில் கடிகாரம் இருந்தது. ஒவ்வொன்றும் நடந்த நிமிடத்திலேயே எழுதப்பட்டது. அந்த ஏடு இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நம்ப மனம் இல்லாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் படித்து முடித்ததும், கழற்றிப் போட்ட உங்கள் சட்டை எங்கே தொங்குகிறது என்று ஒருமுறை எழுந்து பார்த்துவிட்டுப் படுங்கள்.

கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் காவல் படைகளுக்கு இளங்குதிரைகளைப் பழக்கி விற்பது என் தம்பியின் தொழில். கொட்டகைக்கு அவன் முதலாளி, ஒழுங்குக்கு நான். குதிரை பிறவியிலேயே பயந்த விலங்கு. காற்றில் பறக்கும் ஒரு காகிதப் பையைக் கண்டால் போதும், முதுகில் இருப்பவரை எறிந்துவிட்டு ஓடும். அந்தப் பயங்களை ஒவ்வொன்றாகத் தெளிவிக்க வேண்டும். அதற்கு நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். நாற்பது இனங்கள். விரியும் குடை, தரையில் சரசரக்கும் பிளாஸ்டிக் தாள், குக்கர் விசில், மோட்டார் சைக்கிள், பட்டாசு, கண்ணாடி உடையும் ஓசை, கைக்குழந்தையின் அழுகை என்று அது நீளும். ஓர் இனம் தெளிந்துவிட்டால் அதன்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு. கோடு விழாத இனத்தோடு எந்தக் குதிரையையும் நான் விற்பனைக்கு அனுப்பியதில்லை.

மிளகை முப்பத்தொன்பதாவது இனம் வரை கொண்டுவந்தவர் எங்கள் குதிரைக்காரர். ஐம்பத்தெட்டு வயது. மெலிந்த உடம்பு. எதையும் அவசரமாகச் செய்யமாட்டார். ஆகையால் பயிற்சியாளர் அவருக்கு நத்தையார் என்று பெயர் வைத்திருந்தார். குடையை முதல் நாள் ஐம்பதடி தள்ளி நின்று விரிப்பார். மிளகு காதை விறைத்தால் உடனே மடக்கிவிடுவார். மறுநாள் நாற்பத்தைந்தடி.

"ஒரு குடைக்கு ஒம்பது நாளாய்யா?" என்பார் பயிற்சியாளர்.

"குடைக்கு இல்ல மாஸ்டர். குதிரைக்கு."

அவருக்கு ஒரே ஒரு வேலைச் சட்டை. நீலக் கட்டம் போட்டது. இரண்டாவது பொத்தான் மட்டும் வெள்ளை. கறுப்பு நூலால் தைத்திருந்தார். பையில் எப்போதும் காரட் துண்டுகள் இருக்கும். மிளகு தலையைத் தாழ்த்தி அந்தப் பையை மூக்கால் தட்டும். அப்போது தொண்டைக்குள்ளேயே மெதுவாக ஓர் ஒலி எழுப்பும். வேறு யாருக்கும் அந்த ஒலியை அது எழுப்பியதில்லை. அது பிறந்த இரவில் தாயின் வயிற்றிலிருந்து அதை இழுத்துப் போட்டவள் நான். எனக்கும் எழுப்பியதில்லை.

நாற்பதாவது இனம், விழுந்து கிடக்கும் மனிதன்.

படைக்குதிரைகள் வரிசையாக நடக்கும். ஒன்று நின்றால் பின்னால் வருபவை மோதிச் சரியும். ஆகவே யார் விழுந்து கிடந்தாலும் குதிரை நிற்கக் கூடாது. விலகவும் கூடாது. மிதித்துக்கொண்டு போக வேண்டும். குதிரை இயல்பாக அதைச் செய்யாது. காலடியில் உயிர் கிடந்தால் தாண்டும், முடியாவிட்டால் நிற்கும். அதை மாற்றுவதற்கு வைக்கோல் ஆள் ஒன்று செய்து வைத்திருந்தோம். ஆறடி நீளம். சாக்குத் தலை. குதிரையின் கண்ணை ஏமாற்றலாம்; மூக்கை ஏமாற்ற முடியாது. எனவே வைக்கோல் ஆளுக்கு யாராவது ஒரு வாரம் போட்டுத் துவைக்காத துணியை உடுத்துவது எங்கள் வழக்கம்.

குதிரைக்காரர் மறுத்துவிட்டார்.

"மனுஷனை மிதிக்க நான் கத்துக் குடுக்க மாட்டேம்மா. மீதி முப்பத்தொம்பதும் ஆச்சு இல்ல? விட்டுடுங்க."

"பட்டியலில் நாற்பது இருக்கிறது" என்றேன்.

"பட்டியல் நீங்க எழுதினதுதானேம்மா?"

என் முகத்துக்கு நேரே அப்படி யாரும் பேசியதில்லை. பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போகும்படி சொன்னேன். பஸ்ஸில் ஏழு மணி நேரப் பயணம். பிப்ரவரி 5ஆம் தேதி, நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். வேலைச் சட்டையைக் கொட்டகை வாசல் ஆணியில் மாட்டினார்.

"இது இங்கயே இருக்கட்டும்மா. நான் இல்லைன்னு மிளகு தேடும். வாசம் இருந்தா சும்மா இருக்கும். யாரும் எடுக்காம பாத்துக்குங்க."

"உன் வேர்வை நாத்தத்தை எவன்யா திருடப் போறான்?" என்றார் பயிற்சியாளர். குதிரைக்காரரும் சிரித்தார்.

அடுத்த மூன்று நாள்களும் பயிற்சியாளரின் பழைய சட்டையை வைக்கோல் ஆளுக்கு உடுத்தினோம். மிளகு மிதிக்கவில்லை. சவுக்கு பட்டது. நின்றது. மறுபடியும் பட்டது. விலா நடுங்க நின்றது. ஒருமுறைகூடக் காலை வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரவு உணவின்போது தம்பி சொன்னான். "அக்கா, வியாழக்கிழமை வாங்குறவங்க வராங்க. அன்னைக்கு அது நின்னுச்சுன்னா வெள்ளிக்கிழமை கறி வண்டிக்குச் சொல்லிடுவேன். நின்ன குதிரைக்குத் தீனி போட நான் என்ன பைத்தியமா?"

அவன் சொன்னால் செய்வான். மிளகின் தாய் முந்தைய ஆண்டு, இறைச்சிக்கு ஏற்றிச் செல்லும் அந்த வண்டியில்தான் போனது. சாய்பலகையில் ஏற்றியபோது அது திரும்பிப் பார்த்தது. நான் பார்க்கவில்லை. இந்த முறையும் பார்க்காமல் நிற்க என்னால் முடியாது.

இரவெல்லாம் யோசித்தேன். காலையில் வழி கிடைத்தது. தான் நேசிக்கும் ஒருவரை மிதிக்க மிளகு கற்றுக்கொண்டுவிட்டால், பிறகு அது யாரையும் மிதிக்கும். இது என் யோசனை. பயிற்சியாளர்மேல் பழி போடமாட்டேன். அவரே ஒரு நொடி தயங்கினார்.

"நத்தையார் சட்டையையா மேடம்?"

"உடுத்துங்கள்."

"பாவம் மேடம்."

"யார்? குதிரையா, சட்டையா?"

அவர் சிரித்துக்கொண்டே ஆணியிலிருந்து அதை எடுத்தார்.

மணி 3.40. கொட்டகையின் பெரிய கதவு திறந்திருந்தது. வெளியே முற்றத்தில் புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்திருந்தோம். வைக்கோல் ஆளை இரு மரத் தடுப்புகளுக்கு நடுவே மல்லாக்கக் கிடத்தினோம். விலகிப் போக இடமில்லை. மிளகின் இடது முன்னங்கால் லாடத்தின் வெளி முனை சனிக்கிழமை ஒடிந்திருந்தது. லாடம் அடிப்பவர் புதன்கிழமைதான் வருவார். அதையும் குறித்துக்கொண்டேன். இது பிறகு முக்கியமாகும்.

மிளகு உள்ளே வந்தது. வாசனை எட்டியதும் காதுகள் முன்னால் வளைந்தன. தானாகவே வைக்கோல் ஆளிடம் நடந்தது. தலையைத் தாழ்த்திச் சட்டைப் பையை மூக்கால் தட்டியது. தொண்டைக்குள் அந்த ஒலியை எழுப்பியது.

காரட் இல்லை. சவுக்கு இருந்தது.

3.52. முதல் மிதி. என்ன நடக்கிறது என்று புரியாமல், அடி தாங்காமல், கண்ணை மூடிக்கொண்டு அது காலை வைத்தது என்றே சொல்ல வேண்டும். இடது முன்னங்கால். சட்டையின் நடுவில். ஏட்டில் ஒரு கோடு போட்டேன். அப்போது ஓர் ஓசை கேட்டது. வைக்கோல் நசுங்கினால் சரசரக்கும். இது சரசரக்கவில்லை. 'ஹக்' என்றது. படியில் தடுக்கி விழுந்தவருக்கு மூச்சு அடைக்குமே, அப்படி.

"கேட்டீர்களா?" என்றேன்.

"என்னது மேடம்?"

"ஒன்றுமில்லை. நடத்துங்கள்."

3.55. இரண்டாவது. அதே கால். அதே ஓசை.

3.58. மூன்றாவது. மிதித்த இடம் பள்ளமாகியிருக்க வேண்டும். வைக்கோலின் குணம் அது. நான் குனிந்து பார்த்தேன். மார்பு பள்ளமாகவில்லை. முன்பைவிட மேடாக இருந்தது. ஆள் மூச்சை இழுத்துப் பிடித்திருப்பது போல.

4.02. நான்காவது. பயிற்சியாளர் வைக்கோல் ஆளை நேராக்கக் குனிந்தார். இரு கைகளாலும் தூக்கினார். தூக்க முடியவில்லை. நாள்தோறும் அதை ஒரு கையால் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போகிறவர்.

"ஈரம் ஏறிடுச்சு போல. என்னா கனம்..."

வைக்கோலில் ஈரம் இல்லை. நான் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. ஆனால்... வெதுவெதுப்பாக இருந்தது.

4.05.

கதவருகே யாரோ நிற்பது தெரிந்தது. திரும்பினேன். குதிரைக்காரர். இடுப்பில் வேட்டி. மேலே ஒன்றும் இல்லை. வெயில் அவருடைய தோளில் பட்டுக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. வைக்கோல் ஆளைப் பார்த்தார்.

எனக்கு வந்தது பயம் அல்ல, எரிச்சல். விடுப்பு முடிய இன்னும் ஆறு நாள் இருந்தது. அதிலும் இந்தக் கோலத்தில்.

"யாரைக் கேட்டு வந்தீர்கள்? முதலில் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு வாருங்கள்" என்றேன்.

"சட்டை அங்க இருக்கேம்மா" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். அவருடைய குரல்தான். அதில் ஐயமில்லை.

குனிந்து ஏட்டில் நேரத்தைக் குறித்தேன். நிமிர்ந்தேன். கதவருகே யாரும் இல்லை.

"யார்கிட்ட மேடம் பேசுறீங்க?" என்றார் பயிற்சியாளர்.

வெளியே போய்ப் பார்த்தேன். முற்றம் முழுவதும் ஈர மண். என் செருப்புத் தடம் இருந்தது. பயிற்சியாளரின் பூட்ஸ் தடம் இருந்தது. மிளகின் குளம்புத் தடம் இருந்தது. வெறுங்கால் தடம் ஒன்றுகூட இல்லை. அவருடைய அறை பூட்டியிருந்தது. அதன் சாவி என் இடுப்பில் இருந்தது.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். சட்டையைக் கழற்றி மறுபடியும் ஆணியில் மாட்டியிருக்கலாம். வெள்ளிக்கிழமை வரும் வண்டியை நினைத்தேன். கோடு விழாத அந்த நாற்பதாவது இனத்தையும் நினைத்தேன். எது முதலில் நினைவுக்கு வந்தது என்று கேட்காதீர்கள்.

உள்ளே வந்தேன்.

"நடத்துங்கள்" என்றேன்.

4.08. ஐந்தாவது. 'ஹக்.'

4.09. ஆறாவது. மிளகு இப்போது தயங்கவில்லை. காதுகள் தொங்கிவிட்டன. கண்ணில் ஒன்றுமே இல்லை.

4.11. ஏழாவது. இப்போது பயிற்சியாளருக்கும் கேட்டது. என் முகத்தைப் பார்த்தார். நான் ஏட்டைப் பார்த்தேன்.

எட்டு. ஒன்பது. ஏதோ முறிந்தது. குச்சி முறிவது போல. வைக்கோலுக்குள் குச்சி வைத்துக் கட்டும் வழக்கம் எங்களிடம் இல்லை.

பத்து.

"போதும் மேடம்..."

"இன்னும் ஒன்று."

4.17. பதினொன்று. மிளகு இடது முன்னங்காலை அந்த மார்பின்மேல் வைத்தது. எடுக்கவில்லை.

பயிற்சியாளர் அதட்டினார். அடித்தார். எடுக்கவில்லை. அதன் எடை முழுவதும் அந்த ஒற்றைக் காலில்...

சாக்குத் தலை மெல்லத் திரும்பியது.

குதிரையின் பக்கம்.

"மிளகு..."

கீழேயிருந்து வந்தது.

"காலை எடுடா..."

சவுக்கு தரையில் விழுந்தது.

மிளகு காலை எடுத்தது. பின்னால் நகர்ந்தது. தலையைத் தாழ்த்திச் சட்டைப் பையை மூக்கால் தட்டியது. ஒருமுறை. இருமுறை.

பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

4.25க்குக் கொட்டகையைப் பூட்டினேன். வைக்கோல் ஆளை அப்படியே விட்டுவிட்டோம். பயிற்சியாளர் சவுக்கை எடுக்காமலே மிளகை லாயத்துக்குக் கூட்டிச் சென்றார். நான் என் மேசைக்குச் சென்று பட்டியலை எடுத்தேன். நாற்பதாவது இனத்தின்மேல் சிவப்புக் கோடு போட்டேன். கோடு நேராக விழுந்தது. இதையும் மறைக்க விரும்பவில்லை.

5.10க்குத் தொலைபேசி ஒலித்தது. குதிரைக்காரரின் மகள்.

"அப்பா போயிட்டார்ம்மா."

மறுநாள் தம்பியும் நானும் போனோம். அந்தப் பெண் அழுது முடித்திருந்தாள். வரிசையாகச் சொன்னாள். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் படுத்திருந்தாராம். புழுக்கமாக இருக்கிறதென்று சட்டையைக் கழற்றியிருந்தாராம். நான்கு மணிக்குச் சற்று முன்னால், நெஞ்சின்மேல் யாரோ ஏறுவது போல இருக்கிறது என்றாராம். பிறகு கண் செருகிவிட்டது.

"ஒரு நிமிஷம் பேச்சு மூச்சே இல்லம்மா. நான் கன்னத்தைத் தட்டினேன். கண்ணைத் திறக்காமலே, 'சட்டை அங்க இருக்கேம்மா'ன்னார். என்னைத்தான் சொல்றார்னு நினைச்சு, 'எங்கப்பா இருக்கு?'ன்னு கேட்டேன்."

அடுத்த தெரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். உயிர் பிரிந்த நேரத்தை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். 4.17.

"கடைசியா அந்தக் குதிரை பேரைத்தாம்மா சொன்னார். என் பேரைக்கூடச் சொல்லல."

நடந்ததை வழியிலேயே தம்பியிடம் சொல்லியிருந்தேன். தம்பி என்னைப் பார்த்தான்.

அவள் உள்ளே போய் ஒரு தாளை எடுத்துவந்தாள். மருத்துவர் எழுதியது. இரண்டு விலா எலும்புகள் முறிவு. மார்பில் வளைந்த கன்றிப்போன தடங்கள். ஒவ்வொன்றும் பிறை வடிவம். ஒவ்வொன்றிலும் வெளி முனை மட்டும் பதியவில்லை. எண்ணிக்கை பதினொன்று.

"டாக்டர், வீட்ல குதிரை இருக்கான்னு கேட்டார்ம்மா. மாடி வீடு இது. பூனைகூட இல்ல. அப்புறம் யார் அடிச்சதுன்னு கேட்டார். போலீஸ் வந்து இவரைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க." அவளுடைய கணவர். அன்று மாலை அவர் வேலையில் இருந்ததற்கு நாற்பது பேர் சாட்சி. இருந்தும் மூன்றாம் நாள்தான் வெளியே விட்டார்கள். அடி வாங்கிய இடது காது அவருக்குக் கேட்கவில்லை என்று பிறகு அறிந்தேன்.

விடைபெறும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவோட நீலச் சட்டை அங்க இருக்காம்மா? இருந்தா அனுப்பி வையுங்க. அவர் வாசம் அதுலதான் இருக்கும்."

"அனுப்புகிறேன்" என்றேன்.

வியாழக்கிழமை வாங்குபவர்கள் வந்தார்கள். தாங்களே செய்த வைக்கோல் ஆளைக் கொண்டுவந்திருந்தார்கள். மிளகு அதன்மேல் தரையில் நடப்பது போல நடந்தது. கைதட்டினார்கள். வேறு எதற்கும் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டியில் ஏற்றக் கூட்டிச் சென்றபோது மட்டும் கொட்டகை வாசலில் நின்றது. வெறும் ஆணியை மூக்கால் தட்டியது. தொண்டையில் ஒலி எழவில்லை. பிறகு தானாகவே ஏறிக்கொண்டது. காலை 10.20.

14ஆம் தேதி, சனிக்கிழமை, கொட்டகையைத் திறந்தோம். தம்பி, பயிற்சியாளர், நான். வைக்கோல் ஆள் கிடந்த இடத்திலேயே கிடந்தது. தூக்கினால் இலேசாக இருந்தது. சட்டையைக் கழற்றினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முற்றத்து ஈர மண்ணில் நடந்துவந்த குளம்பு, ஒடிந்த இரும்பு லாடத்தோடு, பதினொரு முறை அதை மிதித்திருக்கிறது. என் கண்ணெதிரில்.

சட்டையில் ஒரு தடம்கூட இல்லை. ஒரு நூல் பிரியவில்லை. வெள்ளைப் பொத்தான் அப்படியே இருந்தது.

அன்று மாலை என் மேசையில் உட்கார்ந்து மூவரும் முடிவு செய்தோம். சட்டையைத் துவைக்காமல் மடித்து, பார்சலில் மகளுக்கு அனுப்புவது. பதினொரு மிதியைப் பற்றி அவளிடமோ காவல் நிலையத்திலோ யாரும் வாய் திறக்காமல் இருப்பது. இதற்கு முதலில் கை தூக்கியவள் நான். வைக்கோலை எரிக்கவேண்டாம் என்றார் பயிற்சியாளர். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. பின்புறத்தில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தோம். நாற்பதாவது இனத்தை நீக்கவேண்டும் என்றேன். வாங்குபவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள் என்று தம்பி மறுத்துவிட்டான். ஆகவே அது பட்டியலில் இருக்கிறது. இனி வைக்கோல் ஆளுக்குக் கடையில் வாங்கிய புதுத் துணியை மட்டுமே உடுத்துவது என்று முடிவானது. ஆனால் புதுத் துணியால் குதிரை ஏமாறுவதில்லை. அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அதனால் இன்னொரு விதியையும் நானே எழுதி வாசலில் ஒட்டினேன். உடுத்திய துணி எதையும் யாரும் கொட்டகையில் கழற்றி மாட்டக் கூடாது. அந்த ஆணியையும் பிடுங்கச் சொன்னேன். என் புடவைகளை நானே துவைக்கிறேன். கொடியில் காயும் வரை அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எண்ணி மடித்து, அலமாரியைப் பூட்டுகிறேன்.